ரெண்டாவது வரி

மெதுவாகப் பேசுவோம் அக்கா. அதோ, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட், நீலப் பட்டுச்சேலை, கொண்டையில் வாடிப்போன கனகாம்பரம். தெரிகிறதா? என் அத்தை. அப்பாவுக்கு அக்கா. பெயர் ரெமிஜியா. நாற்பத்தொரு நாளாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கு மத்தியானம் தூத்துக்குடியில் ஒரு பெரிய ஓட்டலில், அத்தனை கேமராவுக்கு முன்னால் அவள் செய்த காரியத்தில் ஒரு சினிமாவே குப்புறக் கிடக்கிறது. எல்லோரும் என்னால்தான் என்கிறார்கள். நான் என்ன தப்புச் செய்தேன்? முழுசாகக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

இருங்கள், இந்தப் போனை அமுக்கிவிடுகிறேன். இதோடு பதினேழாவது தடவை. டைரக்டர்தான். ஐந்து மணிக்குள் ஒரு காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். இப்போது மூன்றே முக்கால். காகிதம் இதோ பைக்குள் இருக்கிறது. கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? அதை விடுங்கள், முதலிலிருந்து வருகிறேன்.

என் பெயர் பெனிட்டா. ஊர் சிலுவைத்துறை. திருச்செந்தூரில் இறங்கி இன்னொரு பஸ் ஏற வேண்டும். போன மாதம் பதினெட்டு முடிந்தது. எனக்குப் படிப்பு சுமார், சமையல் சுத்தமாக வராது. ஒரே ஒரு வித்தை தெரியும். யார் பேசினாலும் இரண்டு நிமிடம் கேட்டால் போதும், அந்தக் குரல் என் தொண்டைக்குள் வந்து பாய் விரித்துப் படுத்துவிடும். இந்தக் கண்டக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். "பழையகாயல் முக்காணி ஆத்தூர், உள்ள போ உள்ள போ, வாசல்ல நின்னா காத்து வராதுய்யா, நீ என்ன கதவா?" பார்த்தீர்களா, டிரைவரே கண்ணாடியில் தேடுகிறார். அத்தை மட்டும் அசையவில்லை. அவளுக்குத் தெரியும், இது யார் வேலை என்று.

எங்கள் ஊரில் நான் சிக்க வைக்காத ஆள் கிடையாது. பங்குச் சாமியார் குரலில் கோயில் ஒலிபெருக்கியில், "அன்பார்ந்த இறைமக்களே, நாளை பள்ளிக்கூடம் விடுமுறை" என்று இழுத்து அறிவித்தேன். மறுநாள் ஹெட்மாஸ்டரே வரவில்லை. மீன் ஏலம் கூறுகிற ஹில்லாரி மாமா குரலில் அவர் பெண்டாட்டிக்குப் போன் போட்டு, மத்தியானம் எட்டுப் பேர் சாப்பிட வருகிறார்கள் என்றேன். பாவம், அந்த மாமி எட்டுப் பேருக்கும் பாறைமீன் குழம்பு வைத்துவிட்டு வாசலில் நின்றாள். நானும் என் கூட்டாளிகளும் போய்ச் சாப்பிட்டு வந்தோம். குழம்பு வீணாகக் கூடாது இல்லையா?

ஆனால் நான் முதன்முதலில் எடுத்த குரல் அத்தையுடையதுதான். நாலு வயதில். அடுப்படிக்குள் ஒளிந்துகொண்டு, "ஏங்க, இங்கன வாங்க" என்பேன். மாமா, "என்ன ரெமி?" என்று துண்டை உதறிக்கொண்டு வருவார். அத்தை விழுந்து விழுந்து சிரிப்பாள். அவளே சொல்லிக் கொடுப்பாள், "அந்த இடத்துல மூக்கால பேசாதட்டி, நான் நெஞ்சுலேர்ந்து எடுப்பேன்" என்று.

நீங்கள் 'தோணிக்காரன் மகள்' பார்த்திருக்கிறீர்களா? எங்கள் ஊர் நாடக சபை போடுவது. முழுக்கப் பாட்டு, பதினாறு பாட்டு. வேம்பாரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் எந்தக் கடற்கரை ஊரில் திருவிழா என்றாலும் அந்த நாடகம் வேண்டும். கதை இத்தனூண்டுதான். அப்பன் தோணியில் போகிறான், திரும்பவில்லை. மகள் கரையில் நின்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அந்த மகள் வேஷம் பதினாறு வருடமாக அத்தைக்குத்தான். இப்போது அவளுக்கு நாற்பத்தேழு. மேடையில் தாவணி கட்டிக்கொண்டு வருவாள். யாரும் சிரிக்கமாட்டார்கள். குரல் வந்ததும் வயது போய்விடும் அக்கா.

அதில் ஒரு பாட்டு இருக்கிறது. "வாடைக் காத்தே, வாடைக் காத்தே, எங்க தோணி கண்டாயா?" இது முதல் வரி, மகள் பாடுவது. ரெண்டாவது வரி, "கண்டோம் தாயே, கண்டோம் தாயே, பாய விரிச்சு வருது தாயே." நோட்டில் ரெண்டுமே மகள் பாடுவதாகத்தான் எழுதியிருக்கிறது. ஆனால் நாடகம் போட்ட முதல் வருடம், திருவிழா அன்றைக்குப் பதினோரு படகு புயலில் திரும்பாமல் கிடந்ததாம். அத்தை முதல் வரியைப் பாடிவிட்டு மூச்சு வாங்கினாள். அந்த இடைவெளியில் கீழே உட்கார்ந்திருந்த பொம்பளைகள் எல்லாம் எழுந்து நின்று ரெண்டாவது வரியைப் பாடிவிட்டார்கள். விடிந்ததும் பதினோரு படகும் வந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்த வரி சனத்துக்குச் சொந்தம். அத்தை முதல் வரியைப் பாடி நிறுத்துவாள், ஆயிரம் பேர் பதில் சொல்வார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. வேற்றூர்க்காரர்களும் பாடுவார்கள். கடலுக்கு ஆள் அனுப்பிய பொம்பளை அந்த வரியைத் தனியாக, தன் வாயால் பாடமாட்டாள். வீட்டில் துணி துவைக்கும்போதுகூட முதல் வரியோடு நிறுத்திக்கொள்வாள், பக்கத்து வீட்டுக்காரி முடிப்பாள். எனக்கு இதெல்லாம் சுத்தப் பைத்தியக்காரத்தனம். பாட்டு என்றால் பாட வேண்டியதுதானே?

டைரக்டர் திருமாறன் போன வருடத் திருவிழாவுக்கு வந்தார். முன்வரிசையில் அழுதார். அவர் குரல் ரொம்ப லேசு, பாருங்கள்: "ப்ரில்லியன்ட்மா. அப்சொல்யூட்லி ப்ரில்லியன்ட். இதை நான் படமா எடுக்கிறேன்." கடைசி வார்த்தையில் மேல்நோக்கி ஒரு கொக்கி போடுவார். கதாநாயகிக்கு வடநாட்டிலிருந்து ஒரு பெண், இருபத்திரண்டு வயது, தமிழில் வணக்கம்கூட மூன்று துண்டாகத்தான் வரும். அத்தைக்கு வருத்தமே இல்லை. "என் மொகரையப் பெரிய தெரையில பாத்தா புள்ளைங்க மிரண்டுரும்யா. பாட்டு பதினாறும் நான் பாடுதேன். பேரு போட்டுருங்க, சிலுவைத்துறை ரெமிஜியான்னு. அது போதும்" என்றாள்.

அது போதும் என்று வாயால்தான் சொன்னாள். ஊர் முழுக்க அதையே பேசித் திரிந்தாள். மீன் வாங்கப் போனால், "பேரு போடுதாவளாம்." கோயிலுக்குப் போனால், "ஊரு பேரையும் சேத்துப் போடுதாவளாம்." மாமா கேலி செய்தால், "நீங்க நடுக்கடல்ல ரேடியோவப் போடுங்க, நான் வருவேன்" என்பாள்.

சென்னையில் ரெக்கார்டிங். துணைக்கு நான் போனேன். அத்தை கண்ணாடி அறைக்குள்ளே, காதில் ஹெட்போன். வெளியே மிக்சர் முன்னால் மியூசிக் டைரக்டர் அபினவ் சார், பக்கத்தில் திருமாறன் சார், பின்னால் சோபாவில் நான், கையில் முறுக்கு. அபினவ் சார் பச்சைக் குழந்தையைத் தூங்க வைப்பவர் மாதிரி பேசுவார்: "அம்மா, சூப்பர்... ஸோ... போலாமா?"

முதல் பாட்டே அந்தப் பாட்டு. அத்தை முதல் வரியைப் பாடினாள், நிறுத்தினாள். இசை போய்க்கொண்டே இருந்தது. அவள் வாயைத் திறந்தபடி நின்றாள்.

"அம்மா... ஸோ... அடுத்த வரி?"

"அது சனம் பாடுதுய்யா."

"இங்க சனம் இல்லம்மா."

"அப்பக் கூட்டிட்டு வாங்க. ஒரு வார்த்த சொன்னா ரெண்டு பஸ் நெறைய வந்துருவாவ. இல்லன்னா நீங்க மிசினத் தூக்கிட்டு எங்க கரைக்கு வாங்க."

திருமாறன் சார் குனிந்து பட்டனை அமுக்கிப் பேசினார். "அம்மா, படத்துல அவ தனியா நிக்கிறா. ஆள் இல்லாத கடற்கரை. கேள்வியும் அவதான், பதிலும் அவதான். ஒரே ஷாட். அதுதான் என் படமே."

"கேக்குதவளே பதிலும் சொல்லிக்கிட்டா அது என்னய்யா பதிலு? கண்டோம்னு கண்டவன் சொல்லணும். என் வீட்டு ஆளு இன்னிக்கு ஆழ்கடல்ல இருக்காவ. நான் அந்த வரியப் பாடமாட்டேன்யா. வேற எத்தன பாட்டு வேணும்னாலும் பாடுதேன்."

ரெண்டு நாள். கெஞ்சினார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், ஏசியைக் குறைத்தார்கள். அத்தை முதல் வரியோடு நிறுத்துவாள். அந்த அறையில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. நான்காவது முறுக்குப் பொட்டலமும் காலி. எனக்குப் பொறுக்கவில்லை அக்கா. சும்மா எல்லோரும் சிரிக்கட்டும் என்று, எழுந்து போய் அந்தப் பட்டனை அமுக்கி, அத்தை நிறுத்திய இடத்தில், அத்தை குரலிலேயே ரெண்டாவது வரியைப் பாடிவிட்டேன். நெஞ்சிலிருந்து எடுத்து.

கண்ணாடிக்கு உள்ளே அத்தை சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள். "சும்மா கெடட்டி குரங்கே" என்றாள். திருமாறன் சாரும் சிரித்தார். அபினவ் சார் மட்டும் சிரிக்கவில்லை. பதிவானதைப் பின்னால் தள்ளி, திரும்பவும் போட்டுக் கேட்டார். அப்புறம் என்னைப் பார்க்காமல், மிக்சரைப் பார்த்துக்கொண்டே, "இன்னொரு தடவை பாடு" என்றார்.

அத்தையைத் தொண்டைக்கு ஓய்வு என்று லாட்ஜுக்கு அனுப்பினார்கள். முதலில் அந்த ஒரு வரி மட்டும்தான் கேட்டார்கள். பிறகு ஒரு வரி ஒட்டவில்லை, முழுப் பாட்டையும் பாடு என்றார்கள். பிறகு ஒரு பாட்டு ஒட்டவில்லை, மற்றப் பதினைந்தையும் பாடு என்றார்கள். நான்கு நாளில் முடித்துவிட்டேன். அத்தைக்குப் பதினாறு வருடம் ஆனது எனக்கு நான்கே நாள். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

திருமாறன் சார் என் தோளைத் தட்டி, "பெனிட்டா, பேர் அத்தையோடதுதான் வரும். அந்தப் பேருக்குத்தான் மதிப்பு. இது நமக்குள்ள ஒரு ப்ராங்க். தமிழ்நாடே ஏமாறப் போகுது" என்றார். நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? தமிழ்நாடு முழுவதையும் ஒரே அடியில் ஏமாற்றுகிற வாய்ப்பு யாருக்கு வரும்?

சாயங்காலம் லாட்ஜுக்குப் போனால், அத்தை வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையை அலசிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "என்னட்டி சொல்லுதாவ? நாளைக்குக் கூப்பிடுதாவளா?" என்பாள். நான் அபினவ் சார் குரலில், "அம்மா... ஸோ... ரெஸ்ட் எடுங்க" என்பேன். சிரித்துவிட்டுத் திரும்பவும் அலசுவாள். ஐந்தாம் நாள், அவள் பாடிய வரியே போதும், அந்தக் குரலை வைத்து மற்றப் பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் செய்துகொள்கிறோம் என்றார்கள். நம்பிவிட்டாள். மிசின் சமாச்சாரம், நமக்கென்ன தெரியும் என்றாள். ரயிலில் ஊர் வரும் வரைக்கும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏன் சிரிக்கிறாய் என்று அவள் கேட்டதற்குக்கூட ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

நாற்பத்தொரு நாளுக்கு முன்னால் அந்தப் பாட்டு வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஊரே வெளியே நிற்கிறது. கோயில் ஒலிபெருக்கியில் போட்டார்கள். முதலில் ஒரு பெண் குரல் சொன்னது, பாடியவர் சிலுவைத்துறை ரெமிஜியா என்று. கைதட்டு. யாரோ ரோஜா மாலையைக் கொண்டுவந்து அத்தை கழுத்தில் போட்டார்கள். அப்புறம் பாட்டு.

'வாடைக்' வரைக்கும்தான் வந்தது அக்கா. 'காத்தே' இன்னும் வரவில்லை. அத்தை மாலையைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணடித்தேன். ப்ராங்க் இல்லையா?

அப்போது ஒலிபெருக்கியில் ரெண்டாவது வரி வந்தது. அத்தை குரலில், தனியாக. கைதட்டு அப்படியே நின்றது. மிக்கேலம்மா என்று ஒருத்தி, ரெண்டு மகன்களும் ஆழ்கடலில் இருந்தார்கள் அப்போது. அவள் அத்தைக்கு நேரே வந்து நின்றாள். சத்தம்கூடப் போடவில்லை. "ஏன் ரெமி, நீயே சொல்லிட்டியா?" என்றாள்.

"அது நான் இல்ல" என்று அத்தை சொல்லியிருக்கலாம். "இந்தக் குரங்குதான்" என்று என் காதைப் பிடித்து இழுத்துக் காட்டியிருக்கலாம். மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். சரி, அவள் சொல்லவில்லை, நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? திருமாறன் சாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே. அதுவுமில்லாமல், அந்த மிக்கேலம்மா கண்ணைப் பார்த்திருந்தால் நீங்களும் வாயைத் திறந்திருக்கமாட்டீர்கள்.

அந்த வாரமென்று பார்த்துக் காற்று வேறு திரும்பிவிட்டது. மூன்று படகு ரெண்டு நாள் பிந்தியது. பொம்பளைகள் எங்கள் அத்தை வீட்டு வாசலுக்கு வந்தார்கள். திட்டவில்லை, கேட்கவில்லை, சும்மா வந்து நின்றார்கள். அத்தை உள்ளே உட்கார்ந்திருந்தாள். ரெண்டு நாளும் சோறு இறங்கவில்லை அவளுக்கு. எனக்கும்தான். அப்புறம் வந்துவிட்டது அக்கா, மூன்றும் வந்துவிட்டது. ஒரு வலைதான் போனது. ஆனால் இந்த வருடத் திருவிழாவுக்கு நாடகம் வேண்டாம் என்று கமிட்டியில் முடிவு செய்துவிட்டார்கள். அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு மெல்லிசைக் குழுவுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.

எனக்குப் புரியாதது இதுதான். அவள் பெயர்தானே வந்தது? நான் எனக்கென்று ஒரு எழுத்துக் கேட்டேனா? ஊர் பெயரும் வந்தது. அவள் ஆசைப்பட்டதை நான்தானே முடித்துக் கொடுத்தேன்? அதற்கு நாற்பத்தொரு நாள் பேசாமல் இருப்பதா? நான் சாப்பிடுவது அவள் வீட்டில்தான், சோறு போடுவாள். தட்டை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் போப்பாண்டவர் குரலில் ஆசீர்வாதம் கொடுத்துப் பார்த்தேன். மாமா குரலில் கொஞ்சிப் பார்த்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை.

முக்காணிப் பாலம் வந்துவிட்டதா? நேரம் ஓடுகிறது. சரி, இன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன்.

பத்திரிகைக்காரர்களுக்கான கூட்டம். சென்னையிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். பதினாறு வருடம் பாடிய குரல், இதோ உங்கள் முன்னால் ரெண்டு வரி பாடுவார்கள் என்று ஏற்பாடு. அத்தை மறுப்பாள் என்று நினைத்தேன். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள். திருமாறன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவங்க முதல் வரி பாடுவாங்க. ரெண்டாவது வரிக்கு நிறுத்துவாங்க, எனக்குத் தெரியும். நீ திரைக்குப் பின்னாடி மைக்கோட நில்லு. அவங்க சும்மா வாயை அசைச்சா போதும்னு சொல்லிட்டேன். தலையாட்டிட்டாங்க. ப்ரில்லியன்ட்."

பின்னால் ஒரே இருட்டு. துணியில் சின்ன ஓட்டை. அத்தையின் முதுகு மட்டும் தெரிகிறது. இப்போது தெரிகிற மாதிரியேதான். மைக் என் கையில் வழுக்குகிறது. ஆயிரம் பேரை ஏமாற்றியபோதுகூட எனக்கு வியர்த்ததில்லை.

அத்தை பாடினாள். அவளேதான், அவள் குரலில். சென்னைக்கு அப்புறம் இப்போதுதான் கேட்கிறேன். "எங்க தோணி கண்டாயா?" என்று அந்த 'யா'வை இழுத்து நிறுத்தினாள் பாருங்கள், நான் ரெக்கார்டிங்கில் அந்த இடத்தைச் சரியாகப் பிடித்ததாகத்தான் நினைத்திருந்தேன். இல்லை. நான் பாடியதில் ஒருத்தி கேட்பது போல நடிப்பாள். இவள் கேட்கிறாள்.

நிறுத்திவிட்டாள். ஒரு நொடி, ரெண்டு நொடி. அந்த இடத்தில் பதில் இல்லாமல் எனக்கு இருக்க முடியவில்லை. மைக்கை எடுத்து அத்தை குரலில், "கண்டோம் தாயே, கண்டோம் தாயே..."

பாதியில் ஒரு ஆள் சிரித்தான். அப்புறம் நாலு பேர். அப்புறம் நாற்காலிகள் கரகரவென்று நகர்கிற சத்தம். ஓட்டை வழியாகப் பார்த்தால் அத்தை மைக்கைத் தொங்கவிட்டுப் பிடித்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற கதாநாயகிப் பெண் அத்தையின் வாயையே முறைத்துப் பார்க்கிறாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தை வாயை மூடி வைத்திருக்கிறாள், இறுக்கி. அவள் வாய் மூடியிருக்கிறது, அவள் குரல் ஸ்பீக்கரில் பாடுகிறது, ஐம்பது கேமரா அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது!

ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூட வாயசைக்கத் தெரியும் அக்கா. பதினாறு வருடம் மேடையில் நின்றவள் எப்படி மறப்பாள்?

நான் பாட்டை நிறுத்தினேன். அத்தை மைக்கைத் தூக்கினாள். "கேட்டீங்களாய்யா? இப்பப் பாடுனது நான் இல்ல. படத்துல பாடுனதும் நான் இல்ல. அந்த வரிய நான் என் ஆயுசுல தனியாப் பாடினதில்ல, எங்க ஊர்ல எல்லாரும் கேட்டுக்கிடுங்க. பாடுனது என் தம்பி மவ. பெனிட்டான்னு பேரு. நல்லாப் பாடுவா. அவ பேரப் போடுங்க. என் பேர எடுத்துருங்க."

அவ்வளவுதான். மைக்கை அந்த வடநாட்டுப் பெண் கையில் கொடுத்துவிட்டு இறங்கி நடந்தாள். வேனில் ஏறவில்லை. பழைய பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வெயிலில் நடை. நான் பின்னாலேயே ஓடி வந்தேன்.

படியில் இறங்கும்போதே திருமாறன் சார் ஆள் ஒருவன் ஓடிவந்து இந்தக் காகிதத்தைத் திணித்தான். சார் போனில், "பெனிட்டா, ஒண்ணும் ஆகல, இது இன்னும் பெரிய நியூஸ். இனிமே நீதான் ஸ்டார். உன் பேர், உன் போட்டோ. ஆனா உன் கையெழுத்து இல்லாம உன் குரலை நான் யூஸ் பண்ண முடியாது. அஞ்சு மணிக்குள்ள அனுப்பு" என்கிறார். கையெழுத்துப் போட்டால் பதினாறு பாட்டும் என் பெயரில் வரும். அந்த ரெண்டாவது வரி ஊர் ஊராகத் தனியாக ஓடும், அத்தை பாட்டு படத்தில் ஒன்றுகூட இருக்காது. போடாவிட்டால் எல்லாவற்றையும் புதிதாக எடுக்க வேண்டும்.

எனக்குப் பெயர் வேண்டாம் அக்கா. பெயர் தெரிந்துவிட்டால் அப்புறம் யாரை ஏமாற்றுவது? ஆனால் அதுமட்டும் இல்லை. நல்லாப் பாடுவா என்று சொன்னாளே, அத்தனை பேர் முன்னால், அது தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. திட்டியிருந்தால் நான் பாட்டுக்கு அதே குரலில் திருப்பித் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

ஆகவே ஒரு வேலை செய்யப் போகிறேன். ஆத்தூர் தாண்டியதிலிருந்து அதைத்தான் யோசிக்கிறேன். உங்கள் போனை ஒரே ஒரு நிமிடம் கொடுங்கள். என் நம்பரில் கூப்பிட்டால் அபினவ் சாருக்குத் தெரிந்துவிடும். நான் திருமாறன் சாராகப் பேசுகிறேன். கேளுங்கள்: "அபினவ், ப்ளான் மாறிடுச்சு. அந்தப் பொண்ணு பாடினது வேண்டாம். மிசினைத் தூக்கிட்டு சிலுவைத்துறைக்குக் கிளம்பு. ரெமிஜியாம்மா பாடட்டும், ஊர் சனம் பதில் சொல்லட்டும். அப்சொல்யூட்லி." கொக்கி சரியாக விழுகிறதா? அபினவ் சார் திருமாறன் சாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர்களுக்கு விஷயம் தெரிவதற்குள் வண்டி பாதி தூரம் வந்துவிடும். அத்தையிடம் கேட்கவில்லையே என்கிறீர்களா? இதையெல்லாம் கேட்டுக்கொண்டா செய்வார்கள்? முகத்தைத் திருப்பிக்கொள்பவளிடம் என்னவென்று கேட்பது?

நன்றி அக்கா. நம்பர் எனக்கு மனப்பாடம். சிரித்துக் காரியத்தைக் கெடுத்துவிடாதீர்கள்.

ரிங் போகிறது.

ஆறுமுகநேரியா இது? எத்தனை பேர் இறங்குகிறார்கள் பாருங்கள், நடுவில் யாரும் இல்லாமல் அத்தை முதுகு நேராகத் தெரிகிறது இப்போது.

எடுத்துவிட்டார். "அபினவ், நான் திருமாறன். இது வேற நம்பர், என் போன் சார்ஜ் போயிடுச்சு. ஒரு விஷயம்..." சொல்லுங்க சார் என்கிறார். நம்பிவிட்டார் அக்கா!

அக்கா. அத்தை திரும்பிவிட்டாள்.

என்னைத்தான் பார்க்கிறாள். கோபமாக இல்லை. பார்க்கிறாள், அவ்வளவுதான். கொஞ்சம் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் 'சார், லைன்ல இருக்கீங்களா' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கு அந்தக் கொக்கி விழமாட்டேன் என்கிறது.

"சார்... டைரக்டர் இல்ல சார். பெனிட்டா பேசுதேன். நான் கையெழுத்துப் போடமாட்டேன். பதினாறையும் அழிச்சிருங்க. ஆமா, பதினாறும். பாட்டு வேணும்னா எங்க அத்தைகிட்ட நீங்களே வந்து கேளுங்க, அவ குடுத்தா வாங்கிக்கிடுங்க, இல்லன்னா இல்ல."

என்ன சொல்கிறார் தெரியுமா அக்கா? 'யாரும்மா இது, பெனிட்டா குரல் எனக்குத் தெரியாதா, விளையாடாத' என்கிறார். என் சொந்தக் குரலை அவர் எங்கே கேட்டிருக்கிறார்?

இருங்கள். போனை வைத்துவிடுவாரோ என்னவோ. இன்னொரு தடவை சொல்கிறேன்.